பிரீஸ்கூல் திறக்கும் முன் நான்கு வாரம்: வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

பிரீஸ்கூலின் முதல் வாரத்தில் திணறும் குழந்தைகள் பலருக்கு எழுத்தும் எண்ணும் தெரியாதது ஒரு குறையே இல்லை. தூக்கம் போதாமல் வந்திருப்பார்கள். டிபன் டப்பாவைத் திறக்க வராது. ஒன்றுக்கு வருகிறது என்று யாரிடம், எப்படிச் சொல்வது என்று தெரியாது. அம்மா எப்போது வருவார் என்பது புரிந்திருக்காது. இந்த நான்கையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். அதற்கு நான்கு வாரம் போதும். அந்த நாட்களை அ, ஆ எழுதப் பழக்குவதில் கரைத்துவிடாதீர்கள். அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும், அவசரமும் இல்லை.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்த நான்கு வாரத்திலும், பள்ளி தொடங்கிய பிறகு ஒரு மாதமும், வேறு எந்தப் பெரிய மாற்றமும் வேண்டாம். பால் பாட்டிலை நிறுத்துவது, தனி அறையில் படுக்க வைப்பது, வீடு மாறுவது போன்றவற்றைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தால் குழந்தை இரண்டையும் எதிர்க்கும். எது தொந்தரவு செய்கிறது என்று உங்களுக்கும் பிடிபடாது.

தூக்கத்தில் முதலில் மாற வேண்டியது எழும் நேரம்

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். காலை 8 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்றால், 6:45-க்கு எழுந்தால்தான் திட்டாமல், இழுக்காமல் கிளம்பலாம். பள்ளியில் பகல் தூக்கம் கிடையாது என்றால் இரவு 8 மணிக்கே தூங்கியிருக்க வேண்டும்.

பல வீடுகளில் இரவு நேரத்தை முதலில் மாற்றப் பார்க்கிறார்கள். 10 மணிக்குத் தூங்கிப் பழகிய குழந்தையை 8 மணிக்குப் படுக்க வைத்தால் ஒரு மணி நேரம் புரண்டு கிடக்கும். படுக்கை என்றாலே சண்டை என்று ஆகிவிடும். அதனால் காலையிலிருந்து தொடங்குங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். உடலின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மாறும். ஒன்றரை மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவர ஆறு படிகள், அதாவது ஏறத்தாழ 18 நாள். இரவுத் தூக்கம் தானாக முன்னால் நகரும். பகல் தூக்கம் பிற்பகல் 3 மணியைத் தாண்டினால் இந்த ஏற்பாடு முழுக்கக் கெட்டுவிடும். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்க விட்டாலும் அப்படித்தான். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவி, செல்போன் இரண்டும் அணைந்திருக்கட்டும்.

கடைசி வாரத்தில் மூன்று காலை முழு ஒத்திகை பாருங்கள். எழுந்து, சாப்பிட்டு, உடுத்தி, செருப்போ ஷூவோ போட்டு, பையை மாட்டி, கதவைப் பூட்டி, தெருமுனை வரை போய்த் திரும்புங்கள். எந்த இடத்தில் நேரம் ஓடுகிறது என்பது அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் அது சாப்பாட்டுத் தட்டு. சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் கழிவறைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசையத் தொடங்குவது இயல்பு. அந்த 10 நிமிடம் கிடைக்காத குழந்தை பள்ளியில் அடக்கிக்கொண்டு உட்காரும்.

கைவேலைகள்

எல்லாவற்றையும் தானே செய்யத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பேன்ட்டை ஏற்றி இறக்குவது, ஷூ போடுவது, டப்பா திறப்பது, தண்ணீர் பாட்டில் மூடுவது, கை கழுவுவது, மூக்கைத் துடைப்பது ஆகிய ஆறும் வந்தால் போதும். இருபது குழந்தைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவருக்காகவும் ஆசிரியை ஓடி வர முடியாது.

கற்றுக்கொடுக்கும்போது கடைசிப் படியை முதலில் கொடுங்கள். பேன்ட் போடுவதை எடுத்துக்கொள்வோம். இரண்டு காலையும் நீங்களே நுழைத்து, தொடை வரை ஏற்றிவிடுங்கள். அங்கிருந்து இடுப்புக்கு இழுப்பது மட்டும் குழந்தையின் வேலை. இரண்டு மூன்று நாளில் அது கைவந்துவிடும். பிறகு முழங்காலில் நிறுத்துங்கள், அடுத்து கணுக்காலில். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது குழந்தைதான் என்பதால் அழுது எறியாது. முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதியில் சிக்கி நிற்கும், நீங்கள் வந்து முடித்துவைப்பீர்கள். “எனக்கு வராது” என்பதுதான் மனதில் பதியும்.

ஷூ ஒட்டும் பட்டை வைத்ததாக இருக்கட்டும், கயிறு வேண்டாம். இடது வலது குழப்பத்துக்கு எளிய வழி உண்டு. பூவோ பூனையோ உள்ள ஒரு ஸ்டிக்கரை நடுவில் வெட்டி, இரண்டு ஷூவின் உட்புறத்திலும் பாதிப் பாதியாக ஒட்டுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் சேர்ந்தால் சரியான ஜோடி. நுனியில் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இடம் விடாதீர்கள். “வளர்ந்தாலும் போடலாமே” என்று பெரிதாக எடுத்த ஷூவோடு ஓடித்தான் பல குழந்தைகள் விழுகிறார்கள்.

டிபன் டப்பாவை வாங்கிய அன்றே குழந்தை கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவைத் திறப்பது சுலபம். சூடான உணவை வைத்து உடனே இறுக்கி மூடினால், ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடி இறுகிக்கொள்ளும். அதைப் பெரியவர்களே கத்தி வைத்துத்தான் கிளப்ப வேண்டியிருக்கும். ஆறவைத்து மூடுங்கள். வீட்டிலேயே ஒரு வாரம் தினமும் ஒரு வேளை அந்த டப்பாவிலிருந்தே, தரையிலோ சிறு மேசையிலோ உட்கார்ந்து, 20 நிமிடத்துக்குள் சாப்பிடப் பழக்குங்கள். ஊட்டிவிட்டுப் பழகிய குழந்தைக்கு இந்த ஒரு வாரம் போதாது, நான்கு வாரத்தின் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள், பாப்கார்ன், கெட்டி மிட்டாய் ஆகியவை டப்பாவில் வேண்டாம். நான்கு வயது வரை இவை மூச்சுக்குழாயை அடைக்கும் ஆபத்து அதிகம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டினால்தான் பாதுகாப்பு. குறுக்கே பாதியாக வெட்டினாலும் வட்டமாகவே இருப்பதால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கழிவறை

வீட்டுக் கழிவறையில் நன்றாகப் பழகிய குழந்தை பள்ளிக் கழிவறைக்குள் போகவே மறுப்பது சகஜம். உட்காரும் முறை வேறாக இருக்கலாம், ஃப்ளஷ் சத்தம் பயமுறுத்தலாம், கதவு இல்லாமல் இருக்கலாம், வாசனை பிடிக்காமல் போகலாம். அதனால் பள்ளியைப் பார்க்கப் போகும் நாளில் வகுப்பறையை விடக் கழிவறையை நிதானமாகக் காட்டுங்கள். ஒரு முறை அங்கே போக வையுங்கள், ஃப்ளஷைக் குழந்தையே அழுத்தட்டும். இந்த மாதத்தில் உறவினர் வீடு, மருத்துவமனை, உணவகம் என எங்கே போனாலும் அங்குள்ள கழிவறையையும் பயன்படுத்தப் பழக்குங்கள்.

உடை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எலாஸ்டிக் இடுப்பு மட்டும்தான். பட்டன், ஜிப், பெல்ட், தோள்பட்டை வார் வைத்த உடை எதுவும் வேண்டாம். ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வரும்போது மூன்று வயதுக் கைக்குப் பட்டன் அகப்படாது. பெண் குழந்தைகளுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும் என்பதை இப்போதே பழக்குங்கள். பின்னிருந்து முன்னாகத் துடைத்தால் சிறுநீர்த் தொற்று வர வாய்ப்பு உண்டு.

பழக்கம் வந்த பிறகும் முதல் சில வாரங்களில் உடையை நனைத்துக்கொள்வது நடக்கும். விளையாட்டு சுவாரசியம், கேட்கக் கூச்சம், புது இடம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். திட்டவும் வேண்டாம், மறுபடி டயப்பர் மாட்டவும் வேண்டாம். மாற்று உடை கொடுத்தனுப்பினால் போதும். மலத்தை அடக்குவதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடக்க அடக்க மலம் இறுகும், போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். இந்தச் சுழலுக்குள் போய்விட்டால் வெளியே வர மாதக்கணக்காகும். மூன்று நாள் மலம் போகவில்லை, அல்லது போகும்போது அழுகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று இதே இடத்தில் சொல்ல வேண்டும். கழிவறையில் உதவப் போவது யார் என்று பள்ளியிடம் பெயரோடு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையிடமும் சொல்லுங்கள்: “இந்த அக்கா கழுவிவிடுவாங்க. வேற யாரும் அங்க தொட்டா, ‘யார்கிட்டயும் சொல்லாத’ன்னு சொன்னாலும், நீ எங்ககிட்ட சொல்லணும். நாங்க திட்டவே மாட்டோம்.” உடல் உறுப்புகளுக்கு நேரான பெயரைச் சொல்லித் தந்திருந்தால் குழந்தை சொல்வது எல்லோருக்கும் புரியும்.

ஆசிரியைக்கு ஒரு பக்கம்

சேர்க்கைப் படிவத்தில் குழந்தையைப் பற்றிய முக்கியமான எதற்கும் இடம் இருக்காது. ஒரே ஒரு தாளில் நீங்களே எழுதிக் கொடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

“வீட்டில் ‘குட்டி’ என்று கூப்பிட்டால்தான் திரும்புவான். ‘உச்சா’ என்றால் சிறுநீர், ‘ஆய்’ என்றால் மலம். அவசரமானால் வாயால் சொல்ல மாட்டான், காலைக் குறுக்கிக்கொண்டு நிற்பான். மிக்ஸி மாதிரியான சத்தத்துக்குப் பயம். அழும்போது தூக்கினால் அழுகை கூடும், பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினால் அடங்குவான். தூக்கம் வந்தால் சட்டை நுனியை விரலில் உருட்டுவான். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, வாயைச் சுற்றித் தடிக்கும். இடது காதில் அடிக்கடி சீழ் வரும்.”

இதில் ஒவ்வொரு வரியும் ஆசிரியைக்கு ஒரு அழுகையையோ ஒரு விபத்தையோ மிச்சப்படுத்தும். வீட்டில் பேசும் மொழி பள்ளியில் பேசப்படாது என்றால் தண்ணீர், கழிவறை, வலிக்கிறது, வேண்டாம், உதவி ஆகிய ஐந்து சொற்களையாவது பள்ளி மொழியில் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். வீட்டுச் சொற்களை ஆசிரியைக்கும் எழுதிக் கொடுங்கள்.

ஒவ்வாமை, வலிப்பு, மூச்சிரைப்பு இருந்தால் தாள் மட்டும் போதாது. என்ன அறிகுறி, எந்த மருந்து, எவ்வளவு, அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று மருத்துவர் கையெழுத்திட்ட குறிப்பு வேண்டும். இன்ஹேலர் கொடுத்தனுப்பினால் அதன் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயையும் கொடுங்கள். அது இல்லாமல் மருந்தின் பெரும்பகுதி சிறு குழந்தைக்கு வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். மருந்தின் காலாவதித் தேதியை உங்கள் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

அழைத்துப் போக அனுமதி உள்ளவர்களின் பட்டியலில் குறைந்தது மூன்று பேர், புகைப்படத்தோடு இருக்கட்டும். உங்கள் இருவர் போனும் எடுக்காத நாள் ஒன்று வரும். தடுப்பூசி அட்டையின் நகல், அவசரத் தொடர்பு எண்கள் இரண்டையும் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஏதாவது தடுப்பூசி விடுபட்டிருந்தால் போட்டுக்கொள்ள நேரம் இருக்கும்.

பை

பை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 15 கிலோ குழந்தைக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோ. உள்ளே டப்பா, பாட்டில், ஒரு உறையில் இரண்டு பேன்ட், மூன்று ஜட்டி, ஒரு சட்டை, ஒரு ஜோடி காலுறை, நனைந்ததைப் போட ஒரு காலிப் பை. அவ்வளவுதான். பெயரை எல்லாவற்றிலும், மூடியில் தனியாகவும், எழுதுங்கள். ஆனால் பையின் வெளிப்புறத்தில் பெரிதாக எழுத வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை தெரிந்தவர் என்று நம்பிவிடும். படிக்கத் தெரியாத குழந்தைக்குத் தன் பொருளை அடையாளம் காண எல்லாவற்றிலும் ஒரே படம் ஒட்டிவிடுங்கள்.

வாசலில் பிரிவது

எல்லா ஏற்பாட்டிலும் இதுதான் கனமானது, பெரியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இதில்தான்.

பள்ளி அனுமதித்தால் முதல் சில நாள் உடன் இருங்கள். ஜெர்மனியில் பரவலாகப் பின்பற்றப்படும் பெர்லின் முறையில் முதல் மூன்று நாளும் பெற்றோர் ஒருவர் குழந்தையோடு வகுப்பறையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருப்பார். பிரிந்து பார்ப்பது நான்காம் நாள்தான், அதுவும் அதிகபட்சம் அரை மணி நேரம். குழந்தை தேறாமல் அழுதால் சில நிமிடங்களிலேயே பெற்றோர் திரும்ப வருவார். உடன் இருக்கும்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பது. விளையாட அழைத்துப் போகாதீர்கள், “போ, போய் விளையாடு” என்று தள்ளாதீர்கள், போனைப் பார்க்காதீர்கள். குழந்தை போய்ப் போய்த் திரும்பி வந்து உங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். அந்தப் போக்குவரத்தில்தான் இடம் பழகுகிறது.

தனியாக விடும் நாளுக்கு ஒரு சடங்கை முன்கூட்டியே முடிவு செய்து வீட்டில் பழகுங்கள். பையை மாட்டுவது, ஒரு முறை அணைப்பது, ஒரே வாக்கியம் சொல்வது, கிளம்புவது. மொத்தம் இரண்டு நிமிடம். வாக்கியம் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும்: “நீ சாப்பிட்டு, விளையாடி, பாட்டு பாடினதும் அம்மா வந்துடுவேன்.” மூன்று மணி என்பது குழந்தைக்கு எதுவும் சொல்லாது. சாப்பாடும் பாட்டும் புரியும். அதற்காகவே பள்ளியின் அன்றாட ஒழுங்கை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிவிடாதீர்கள். அன்றைக்கு வாசலில் அழுகை இருக்காது, உண்மைதான். ஆனால் எப்போது வேண்டுமானாலும் அம்மா மறைந்துபோவார் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். வீட்டில் குளியலறை வரை பின்னாலேயே வரும், இரவில் எழுந்து தடவிப் பார்க்கும், அடுத்த நாள் வாசலிலேயே இறுகப் பற்றிக்கொள்ளும். “ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்”, “சாக்லேட் வாங்கிட்டு வரேன்” என்ற பொய்களும் இதே வேலையைச் செய்யும். கிளம்பிய பிறகு அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பி வருவதும் கூடாது. இன்னும் சத்தமாக அழுதால் வருவார் என்று அதற்குப் பொருளாகிவிடும். நீங்கள் போனதும் பெரும்பாலான குழந்தைகள் சில நிமிடங்களில் தணிந்துவிடுவார்கள். கால் மணி நேரம் கழித்து ஒரு வரி செய்தி அனுப்பச் சொல்லி ஆசிரியையிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அம்மாவிடம் மட்டும் அதிகமாக அழுதால் இரண்டு வாரத்துக்கு அப்பாவோ தாத்தாவோ கொண்டுபோய் விடட்டும், ஆனால் ஒருவரே. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே மாதிரி பேச வேண்டும். குழந்தை காதுபட “பாவம் பிள்ளை, இந்த வயசுலயே அனுப்பணுமா” என்று பாட்டி சொன்னால், பள்ளி பாவப்பட்ட பிள்ளைகள் போகும் இடம் என்று ஆகிவிடும். அவர் அக்கறையில்தான் சொல்கிறார். அவரையும் ஒரு நாள் பள்ளிக்கு அழைத்துப் போய்க் காட்டினால் பேச்சு மாறும். “சேட்டை பண்ணினா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்”, “ஸ்கூலுக்குப் போனாதான் நீ அடங்குவே” என்பவை இன்றோடு நிற்கட்டும். வலித்தால், பயந்தால் ஓடிப்போக வேண்டிய ஆளையே நீங்கள் பூச்சாண்டி ஆக்குகிறீர்கள்.

திரும்ப அழைக்கும் நேரத்தில் முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் முன்னதாகவே வாசலில் இருங்கள். தாமதமாகும் என்றால் பள்ளிக்குப் போன் செய்து, குழந்தையிடம் அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

தொடங்கிய பிறகு

முதல் நாள் சிரித்துக்கொண்டே போன குழந்தை மூன்றாம் நாளோ இரண்டாம் வாரத்திலோ அழத் தொடங்கலாம். புதுமை போய், இது தினமும் நடக்கப் போகிறது என்று புரியும் கட்டம் அது. திங்கட்கிழமைகளிலும், காய்ச்சலுக்குப் பிறகு திரும்பும் நாளிலும் அழுகை மறுபடி எட்டிப்பார்க்கும். “அழறான், ரெண்டு நாள் வீட்ல இருக்கட்டும்” என்று நிறுத்தினால் பழகியது கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

பள்ளியில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, வீட்டு வாசலை மிதித்ததும் ஒன்றுமில்லாததற்கு உருண்டு புரண்டு அழும் குழந்தைகள் நிறைய. நாள் முழுக்கத் தன்னை அடக்கிக்கொண்டிருந்த களைப்பு அது. தனக்குப் பாதுகாப்பான இடத்தில்தான் கொட்டும். முதல் அரை மணி நேரம் தண்ணீர், சாப்பிட ஏதாவது, மடி, அவ்வளவே. கடைக்கு அழைத்துப் போவதும் பாட்டு வகுப்பில் சேர்ப்பதும் முதல் மாதத்தில் வேண்டாம். “இன்னைக்கு என்ன பண்ணின?” என்றால் “ஒண்ணுமில்ல” என்றுதான் வரும். இரவு படுக்கும்போது “உன் பக்கத்துல யாரு உட்கார்ந்து சாப்பிட்டாங்க?” என்று கேட்டால் கதை தானாக வரும்.

சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம், கூட்டமாக இருக்கத் தொடங்கும் முதல் ஆண்டில் அதற்கு மேலும் போகலாம். உடம்பில் குறை என்று நினைக்க வேண்டாம். ஆனால் விடுப்பு எடுக்கப்போவது யார், எந்த நாளில் என்று வீட்டில் இப்போதே பேசிவையுங்கள். காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் மருந்தின் வேகம் குறைந்து காய்ச்சல் திரும்பும், நண்பகலில் போன் வரும், அதற்குள் மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றியிருக்கும். மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்புங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் 48 மணி நேரம் பொறுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுவது முதல் வேலையாக இருக்கட்டும்.

நான்கு வாரம் விடாமல் அனுப்பியும் அழுகை குறையவே இல்லை, பள்ளியில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, நாள் முழுக்கச் சிறுநீர் போகாமல் வருகிறது, இரவில் அலறி எழுகிறது என்றால் ஆசிரியையோடு உட்கார்ந்து பேசுங்கள். அரை நாளாகக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழந்தை திடீரென்று ஒரு ஆளையோ ஒரு அறையையோ கண்டு மிரள்கிறது, காயத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை என்றால் நான்கு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே கேளுங்கள். குழந்தையிடம் கேட்கும்போது “மிஸ் அடிச்சாங்களா?” என்று பதிலை நீங்களே வாயில் வைக்க வேண்டாம். “இது எப்படி ஆச்சு? அப்புறம்?” என்று மட்டும் கேட்டு, அது சொன்ன சொற்களை அப்படியே தேதியோடு எழுதிவைத்துக்கொண்டு, மறுநாள் காலை குழந்தையை உள்ளே அனுப்பும் முன் பள்ளிப் பொறுப்பாளரைப் பாருங்கள்.